மேலேதானே போகும் என்றேன்

போன வருடம் ஆயுத பூஜை அன்று நடந்தது இது. தாம்பரத்தைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை. கார்களில் இருக்குமே, கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்ச், அதைப் போன்றவற்றைச் செய்கிறோம். நான் அங்கே ஆட்டோமேஷன் இன்ஜினீயர். இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. "கம்ப்யூட்டர் வேலையா?" என்பார்கள். "இல்லை, மெஷின் வேலை" என்றால், "அப்ப கையெல்லாம் கிரீஸ் ஆகுமா?" என்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றிய பேச்சு கிரீஸைத் தாண்டிப் போனதில்லை.

என் மாமியார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அவரை வில்லியாக நினைத்துவிடக் கூடாது. சேலையூர்ப் பக்கம் தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலம் மனையாகி, மனை வீடாகி, இப்போது வாடகை வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் மருமகள் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. என் மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வந்ததும் சாப்பாடு போடுவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது எல்லாம் அவர்தான். மூட்டு வலியோடு மாடிப்படி ஏறி இறங்குவார். வலி அதிகமாகிவிட்ட ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"ஏம்மா, அப்படி என்னதான் பண்ற அங்க? நீ போகலன்னா அந்த மெஷின் ஓடாதா?"

என் கணவர் சரியாக அந்த நேரம் பார்த்துப் போனில் மூழ்கிப்போனார். அதில் அவர் கெட்டிக்காரர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயுத பூஜை அன்று எங்கள் தொழிற்சாலைக்குக் குடும்பத்தோடு வரலாம். "இந்த வருஷம் நீங்களே வந்து பாருங்க அத்தை. பாத்துட்டு, இதுக்கா இவ்வளவுன்னு தோணினா சொல்லுங்க, நான் வேலையை விட்டுடறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ "சரி, வரேன்" என்று சொல்லிவிட்டார்.

அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு மெஷின் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடி அறை மாதிரி இருக்கும். உள்ளே கை மாதிரி நீளும் இரும்பு ஆர்ம்கள். ஒன்று பக்கவாட்டில் ஓடும், ஒன்று மேலும் கீழும் போகும், இன்னும் மூன்று திரும்பும், பிடிக்கும், பசை வைக்கும். மொத்தம் ஐந்து மோட்டார். ஐந்தும் ஒரே மூச்சில், ஒன்றையொன்று இடிக்காமல், ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் பொருத்திவிட்டு வரும். முதல் தடவை பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த ஐந்தையும் சேர்ந்து ஆட வைப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு மோட்டாருக்கும் டிரைவ் என்று ஒரு பெட்டி. மெஷினின் மூளையான கன்ட்ரோலரிலிருந்து ஒரு ஈதர்நெட் கேபிள் முதல் டிரைவுக்குப் போகும், அதிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு, இப்படி வரிசையாக. வீட்டில் இன்டர்நெட்டுக்கு இருக்கிற கேபிளைப் போலத்தான் பார்வைக்கு இருக்கும். அந்த ஒரே வழியில்தான் ஐந்து பேருக்கும் உத்தரவு போகிறது.

அந்த மெஷினை ஓட்டுபவள் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பெரும்பாக்கம் குடிசை மாற்றுக் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வருவாள். பேக்கிங் மேசையில் சேர்ந்து, பிறகு மெஷின் கற்றுக்கொண்டு ஆபரேட்டர் ஆனவள். லைனிலேயே பெண் ஆபரேட்டர் அவள் ஒருத்திதான், அதில் அவளுக்குப் பெருமை உண்டு. நான் புரோகிராம் மாற்றிவிட்டு மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நாங்கள் பேசுவோம். என் வீட்டுக் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். மாமியார் வரப்போகிறார் என்றதும் என்னைவிட அவள்தான் பரபரத்தாள். "வரட்டும் மேடம். நம்ம மெஷின் சும்மா ஜிவ்வுனு ஆடும் பாருங்க. அப்புறம் பேச மாட்டாங்க" என்றாள்.

பூஜைக்கு முந்தின நாள் முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை. மெஷினின் வெளிப்பக்கம், உள்பக்கம் எல்லாவற்றையும் அவள் துடைத்தாள். மின்சாரப் பேனலை மட்டும் நான் யாரையும் தொட விடமாட்டேன். நானே திறந்து, டிரைவ்களுக்கு இடையில் இருந்த கேபிள்களைக் கழற்றி, தூசியைக் காற்றடித்து எடுத்து, துடைத்து, திரும்பவும் மாட்டினேன். பவர் போட்டுப் பார்த்தேன், எல்லாம் பச்சை விளக்கு. எந்த அலாரமும் இல்லை. ஒரு முறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். கோலம் போடவும் தோரணம் கட்டவும் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், பச்சை எரிகிறதே என்று கதவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் மாமியார் பட்டுப் புடவையில் வந்தார். கணவரும் மகளும் கூட. தொழிற்சாலை முழுக்கச் சாம்பிராணிப் புகை. மெஷின்களுக்கெல்லாம் மாலை, வாழைக்கன்று, சந்தனப் பொட்டு. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. பக்கத்தில் நின்று பேசினால்கூடக் கத்த வேண்டியிருந்தது. மாமியார் மூக்கைச் சுளிக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். "சுத்தமா வெச்சிருக்காங்களே" என்றார். அதற்கே எனக்குக் காற்றில் நடப்பது போல் இருந்தது.

பூஜை போட்ட மெஷினை மறுநாள் வரைக்கும் ஓட்டக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலையில் எழுதாத சட்டம். கற்பூரம் காட்டிவிட்டால் அப்புறம் முதலாளியே வந்தாலும் சுவிட்ச் போட விடமாட்டார்கள். ஐயர் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார். ஆபரேட்டர் பெண் மெஷினுக்குள் குனிந்து சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"மேடம், ஐயரு வந்துட்டாரு. இப்பவே காட்டிடுங்க. அப்பால முடியாது."

மாலை போட்டிருந்ததால் மெஷினின் கதவு திறந்தே இருந்தது. கதவு திறந்திருந்தால் மெஷின் அசையாது. ஆனால் பழுது பார்ப்பதற்கென்று ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஆர்ம் மெதுவாக நகரும். அந்தச் சாவி என்னிடம்தான் இருக்கும். உள்ளே ஆள் இருக்கும்போது அந்தச் சாவியைத் தொடவே கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவளும் நான்தான்.

சாவியைத் திருப்பினேன்.

அவள் இடது பக்கத்து இரும்புத் தூணில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் உயிர் பெறும் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், கைய எடுத்துடட்டா?" என்று கேட்டாள். எடுத்திருந்தால் ஒரு நொடி ஆகியிருக்கும். எனக்கோ ஐயர் வந்துவிடுவாரே என்ற அவசரம், மாமியார் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவாரே என்ற பதற்றம்.

"வேணாம், நீங்க வையுங்க. மேலேதானே போகும்" என்றேன்.

மேலே போகும் பட்டனை அழுத்தினேன். அழுத்திவிட்டு நான் மெஷினைப் பார்க்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான் பார்த்தது, நாலடி தள்ளி நின்ற என் மாமியாரின் முகத்தை. அவர் கண் அகலமாகிறதா, வாயைப் பிளக்கிறாரா என்று ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், விரலைப் பட்டனிலிருந்து எடுக்காமல்.

அவர் கண் அகலமானது. நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

மேலே போக வேண்டிய ஆர்ம் அசையவில்லை. பக்கவாட்டில் ஓடும் ஆர்ம் தூணை நோக்கி நகர்ந்தது. அவள் கை தூணுக்கும் ஆர்முக்கும் நடுவில். கண்ணாடி வளையல்கள் நொறுங்கிய சத்தம் நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது. அடுத்த கணம், எட்டி இன்னொரு கையால் அவளே சிவப்பு பட்டனில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். எல்லாம் நின்றது. கையை உருவிக்கொண்டாள். அவள் தூணோரம் வைத்திருந்த குங்குமக் கிண்ணம் தூணோடு சேர்ந்து தகடாக நசுங்கியிருந்தது. அவள் மணிக்கட்டில் வளையல் கிழித்த இடத்தில் ரத்தமும் குங்குமமும் எது எது என்று தெரியாமல் வழிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிண்ணத்துக்கு ஆனது கைக்கு ஆகியிருக்கும்.

யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர், "என்னாச்சு? மெஷின் எப்படி ஓடுச்சு? யாரு பண்ணது?" என்று கத்தினார். மாமியார் என் மகளின் கண்ணைப் பொத்தியபடி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, ஏனென்றால் அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"என் தப்பு சார். மேடம் கைய எடு, கைய எடுன்னு சொல்லிகினே இருந்தாங்க. நான்தான் ஒரு பொட்டு, ஒரு பொட்டுன்னு உள்ள வுட்டுட்டேன்."

என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கோங்க மேடம்" என்றாள்.

அப்போது நான், "இல்லை, நான்தான் எடுக்க வேண்டாம் என்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். சொல்லவில்லை. ஆர்ம் ஏன் பக்கவாட்டில் போனது என்று எனக்கே புரியவில்லை, ஒருவேளை அவள் எதையாவது தட்டியிருப்பாளோ என்று மனதுக்குள் ஒரு சாக்கு எட்டிப் பார்த்தது. அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நின்றேன். நாதஸ்வரச் சத்தத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாமியார் அந்தப் பெண்ணிடம் போனார். தன் முந்தானையால் அவள் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே திட்டினார். "ஏம்மா, படிச்ச பொண்ணு சொல்றா இல்ல? கேட்டு நடக்கக் கூடாதா? உனக்கு ஏதாவது ஆயிருந்தா அந்தப் பழி இவ தலைல இல்ல வந்து விழும்?"

கல்யாணமாகி அவர் எனக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் இல்லை. தையல் போட்டுக் கட்டுக் கட்டி அனுப்பினார்கள். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். வண்டியில் மாமியார், "எவ்வளவு ஆபத்தான வேலை பாக்கற நீ. நான் என்னமோ பேப்பர் வேலைன்னு நினைச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "விட்டுடாத. இவ்வளவு பேரு உன் பேச்சைக் கேட்டு நடக்கறாங்க, பெரிய பொறுப்புதான். குழந்தைய நான் பாத்துக்கறேன்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமியார் நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது, என்மேல்.

விடுமுறை முடிந்து போனதும் செய்த முதல் காரியம், பேனலைத் திறந்ததுதான். பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டாவது டிரைவிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டிய கேபிள் நான்காவதில் இருந்தது. நான்காவதிலிருந்து திரும்பி மூன்றாவதுக்கு வந்து, அங்கிருந்து ஐந்தாவதுக்குப் போயிருந்தது. சுத்தம் செய்துவிட்டு நான் மாட்டிய லட்சணம் அது. மேலும் கீழும் போகும் ஆர்முக்கு மூன்றாவது, பக்கவாட்டில் ஓடுவதற்கு நான்காவது; அந்த இரண்டு டிரைவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். வரிசையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் கன்ட்ரோலர் அடையாளம் கண்டுகொள்கிறது. இரட்டைப் பிள்ளைகள் வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தால் டீச்சருக்குத் தெரியாதில்லையா, அதேதான். "மேலே போ" என்று நான் சொன்னது பக்கவாட்டு மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்படி நடக்காமல் இருப்பதற்கென்றே ஒவ்வொரு டிரைவிலும் குட்டியாக ஒரு திருகு உண்டு. அதில் ஆளுக்கொரு எண் வைத்து, கன்ட்ரோலரிலும் சொல்லிவிட்டால், வரிசை மாறியதும் மெஷின் அலாரம் அடித்து நகர மறுத்துவிடும். மெஷின் வந்த புதிதில், அவசரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாத் திருகையும் பூஜ்யத்திலேயே விட்டவளும் நான்தான். பேனல் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒளிந்துகொள்ள வைத்திருந்த கடைசிச் சாக்கும் போய்விட்டது.

அப்போதுதான் கவனித்தேன், மெஷின் முன்னால் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டேன். பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்களாம். "அவங்களே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களே மேடம். சொன்னா கேக்காத ஆளை எப்படி மெஷின்ல வெக்கறது?" என்றார் சூப்பர்வைசர். நியாயமாகத்தான் கேட்டார்.

நேராக மேனேஜரிடம் போனேன். கேபிள், திருகு, சாவி, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசைக்கு மேல் கையை நீட்டினார். "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க. எப்ப திருப்பித் தரதுன்னு நான் முடிவு பண்றேன். அந்தப் பொண்ணை மெஷினுக்கு வரச் சொல்லுங்க" என்றார். இன்னும் நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

பேக்கிங் மேசையில் அவள் ஒற்றைக் கையால் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மற்ற கையில் கட்டு. நான் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேபிளை மாற்றிப் போட்டது நான்தான் என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தாமல் பெட்டி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கேபிளு கீபிளெல்லாம் எனக்கு இன்னா தெரியும் மேடம். நீங்க வையுன்னு சொன்னீங்க, நான் வெச்சேன். அது தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவள் முதல் தடவையாகப் பெட்டியைக் கீழே வைத்தாள். "உங்க மாமியா உங்களையே பாத்துகினு நின்னாங்க. உங்க பொண்ணு வேற. அந்த நேரத்துல உங்கள தலை குனிய வுட்டா, நாளைக்கு நீங்க வேலைக்கு வருவீங்களா? வூட்ல வுடுவாங்களா? எனக்கும் மாமியா கீறாங்க மேடம். அவங்க எதிர்ல ஒரு தபா மாட்டிகினா ஆயுசுக்கும் அதான் பேச்சு."

அவள் குரல் மாறியது. "ஆனா ஒண்ணு. நான் உள்ள இருக்கசொல்லோ இன்னொரு தபா அந்த சாவியத் தொட்டீங்கன்னு வையுங்க, சும்மா வுட மாட்டேன். எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல. கண்ண மூடுனா கை இல்லாத மாதிரியே கீது." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். கட்டுப் போட்ட கை என்று ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மெஷினுக்குத் திரும்பப் போகலாம் என்று சொன்னபோது எழுந்தாள். போகிற போக்கில், "இங்க சொன்னது சரி மேடம். வூட்ல போயி சொல்லிகினு இருக்காதீங்க. அப்புறம் நான் பட்டது வேஸ்டாப் பூடும்" என்றாள்.

அவள் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை மாதமாக நான் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஐந்து டிரைவ்களுக்கும் எண் வைத்தேன். சாவி எனக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் கதவைச் சுற்றி வந்து உள்ளே யாரும் இல்லை என்று பார்க்காமல் அதைத் தொடுவதில்லை. அவள் முன்போலவே மெஷின் ஓட்டுகிறாள், முன்போலவே என்னோடு பேசுகிறாள், மோட்டார் சத்தம் கேட்டால் மட்டும் கையை மார்போடு சேர்த்துக்கொள்கிறாள். தொழிற்சாலையில் நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில்தான் அந்தக் கதை வளர்ந்துகொண்டே போகிறது. வருகிற உறவினர்களிடமெல்லாம் மாமியார் சொல்வார், தன் மருமகள் எவ்வளவு பெரிய மெஷினை ஆட்டிவைக்கிறாள் என்று. ஒவ்வொரு தடவையும் என் பெருமை கொஞ்சம் கூடும், அந்தப் பெண்ணின் கவனக்குறைவும் கொஞ்சம் கூடும். போன மாதம் ஒரு வளைகாப்பில், "படிப்பு இல்லாத ஜனம், சொன்னா மண்டையில ஏறாது" என்கிற அளவுக்கு வந்துவிட்டது. எல்லாரும் தலையாட்டினார்கள். என் மகளும் தலையாட்டினாள். பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

இந்த வருடமும் பூஜைக்கு வருகிறேன் என்கிறார் மாமியார். அந்தப் பெண்ணைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம், கவனமாக இருக்கும்படி. அவள் வந்து நின்று, "சரிம்மா" என்று கேட்டுக்கொள்வாள். அவள் செய்வாள், எனக்குத் தெரியும். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

நேருக்கு நேர் சொல்லப் பல தடவை போய், காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமியார் முதலில் புரட்டுவது இந்த வாசகர் பக்கத்தைத்தான். நான் யார் பெயரையும் எழுதவில்லை, ஆனால் அவருக்குப் பெயர் தேவைப்படாது. அத்தை, அன்றைக்கு அந்தப் பெண்ணின் கையை உள்ளேயே வைத்திருக்கச் சொன்னது நான்தான், நம் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை முழுக்க அவள் வலியில் வந்தது, அதை இனிமேலும் என்னுடையது என்று வைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.